வடகிழக்கு மூலையில் நின்ற தண்ணீர்

முதலியார்பேட்டை, புதுச்சேரி
8 டிசம்பர் 2024

கவிநிலாவின் அப்பாவுக்கு,

இனி உங்களோடு போனில் பேசுவதாக இல்லை. குழந்தை பேசுவாள். தினமும் மாலை ஆறு மணிக்கு போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விடுவேன். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதி, தபாலில் அனுப்புங்கள். ஒரு பத்திர எழுத்தரைக் கல்யாணம் செய்துகொண்டு இத்தனை வருடமாக வாய்வார்த்தையிலேயே ஓட்டிவிட்டீர்கள். "ரெண்டே வருஷம் செல்வி, வந்துட்றேன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். ஐந்து வருடம் ஆகிவிட்டது. எழுதி வாங்காதது என் தப்பு.

சென்ற மாதம் முப்பதாம் தேதி, சனிக்கிழமை, புயல் கரையைத் தொட்ட அன்று, இரவு எட்டு மணிக்கு நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. வாசல் வழியாக அல்ல, பின்பக்கமாக வந்தது. கவிநிலாவைக் கட்டிலின் மேல் ஏற்றி நிற்க வைத்தேன். கட்சிக்காரர்களின் பத்திரங்களைப் பரணில் ஏற்றினேன். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் போன். உங்களைப் பதினான்கு முறை கூப்பிட்டேன். நீங்கள் வந்து தண்ணீரை இறைப்பீர்கள் என்று கூப்பிடவில்லை. பயமாக இருந்தது, அதனால் கூப்பிட்டேன். கடைசியில் பக்கத்து வீட்டு மாலா வந்து குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் மாடிக்குப் போனாள்.

மறுநாள் மதியம் நீங்கள் கூப்பிட்டுச் சொன்ன முதல் வார்த்தை, "இங்கயும் செம மழ செல்வி, மைதானம் ஃபுல்லா தண்ணி." அங்கே சீமையில் ஆல்டர்பி என்கிற ஊரில், ஆல்டர்பி டவுன் என்கிற கால்பந்து கிளப்பின் புல்தரையில் தண்ணீர் நின்றதாம், அதை நீங்கள் இறைத்துக்கொண்டிருந்தீர்களாம். இங்கே உங்கள் மகள் கட்டில் மேல் நின்றாள்.

ஒரே ஒரு கேள்விக்கு எழுத்தில் பதில் வேண்டும். நான் கூப்பிட்டதைப் பார்த்தீர்களா, இல்லையா?

இப்படிக்கு,
செந்தமிழ்ச்செல்வி


ஆல்டர்பி
20 டிசம்பர் 2024

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. கிளப் அலுவலகத்தில் ஜூன் மேடம்தான் கொண்டுவந்து கொடுத்தார். ஸ்டாம்ப்பை அவர் பேரனுக்குக் கிழித்துக் கொடுத்தேன்.

மன்னித்துவிடு. அன்று ஆட்டம் மூன்று மணிக்கு. உங்களுக்கு இரவு எட்டு என்றால் இங்கே மதியம் இரண்டரை. அந்த அரைமணியில் மைதானத்தைக் காப்பாற்றாவிட்டால் ஆட்டம் ரத்து. ஆறாயிரம் பேர் வாசலில் நிற்கிறார்கள். போன் கொட்டகையில் என் கோட்டுப் பையில் கிடந்தது.

நீ என் வேலையைப் புல்வெட்டுகிற வேலை என்று நினைக்கிறாய். நம் ஊர் உப்பளம் மைதானத்தில் அதுதான் வேலை. பதினோரு வருடம் அங்கே புல் வெட்டினேன். என் பெயரைக் கேட்டவர் ஒருவர்கூடக் கிடையாது, "ஏம்ப்பா மெஷின்" என்றுதான் கூப்பிடுவார்கள். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்த புண்ணியத்தில் கிடைத்த பிரெஞ்சு பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, ஐரோப்பியப் பாஸ்போர்ட்காரர்களுக்கு இங்கே கதவு சாத்துவதற்கு முன்னால் உள்ளே நுழைந்தேன். இன்று ஒரு மைதானம் முழுக்க என் பொறுப்பு. சனிக்கிழமை காலையில் நான் தலையாட்டினால்தான் ஆட்டம். அதை விட்டுவிட்டு வா என்று நீ சொல்கிறாய்.

இந்த வருடம் நிலைமை மோசம், உண்மைதான். எங்கள் பிரிவில் இருபத்துநான்கு அணிகள். கடைசி இரண்டு அணிகள் வருடக் கடைசியில் லீகை விட்டே வெளியே போக வேண்டும். நாங்கள் இருபத்திரண்டாவது இடம். கீழே இறங்கினால் பாதிப் பேருக்கு வேலை இருக்காது, மைதானத்துக்குப் பகுதிநேர ஆள் போதும் என்று ஜூன் மேடம் சொல்லிவிட்டார். ஆனால் இறங்க மாட்டோம். நூற்றுப்பதினேழு வருடத்தில் ஒருமுறைகூட வெளியே போகாத கிளப் இது.

நீ எழுத்தில் கேட்கிறாய், நானும் எழுத்திலேயே தருகிறேன். ஆல்டர்பி டவுன் இந்த வருடம் கீழே இறங்கினால், மே மாதம் மூட்டை கட்டிக்கொண்டு நிரந்தரமாக வீட்டுக்கு வந்துவிடுகிறேன். போதுமா?

உன்,
கமலக்கண்ணன்


முதலியார்பேட்டை
4 ஜனவரி 2025

கவிநிலாவின் அப்பாவுக்கு,

போதும். உங்கள் கடிதம் கிடைத்தது. பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டேன். போன் கோட்டுப் பையில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் அந்தக் கோப்பில்தான் இருக்கிறது.

ஆகவே, இன்று முதல் நான் உங்கள் கிளப்புக்கு எதிரி. தெரிந்துகொள்ளுங்கள். புள்ளிப் பட்டியலை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டேன். சனிக்கிழமை தோறும் அலுவலகம் பூட்டிய பிறகு, தெருமுனைப் பிள்ளையாருக்கு ஒரு கட்டி கற்பூரம், உங்களோடு அந்த வாரம் ஆடுகிறவர்கள் பெயருக்கு. அந்தப் பெயர்களைச் சொல்லத்தான் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. என்னோடு தட்டச்சு செய்யும் அஞ்சலாட்சி, "இன்னாக்கா, வெள்ளக்காரனுக்கு அர்ச்சனயா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்றேன்.

கிறிஸ்துமஸ் வாரத்தில் இரண்டு ஆட்டம் தோற்றீர்கள். நான் கற்பூரம் ஏற்றும் முன்பே பிள்ளையார் வேலையைத் தொடங்கிவிட்டார்.

நீங்கள் என்னை ஊரைவிட்டுக் கிளம்பி அங்கே வரச் சொல்லி மூன்று முறை கேட்டிருக்கிறீர்கள். அலுவலக வாசலில் என் பெயர்ப் பலகை தொங்குகிறது. பழைய பிரெஞ்சுப் பத்திரத்தைப் படித்துச் சொல்ல இந்தப் பக்கம் இப்போது என்னைவிட்டால் ஆளில்லை. உங்களுக்கு ஒரு மைதானம் என்றால் எனக்கும் ஒரு மேசை இருக்கிறது. ஒருவர் நகரத்தான் வேண்டும். நான் நகர மாட்டேன்.

கவிநிலாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. வீடியோவில் வாயை மூடிக்கொண்டே பேசுகிறாளே, காரணம் அதுதான்.

செந்தமிழ்ச்செல்வி


ஆல்டர்பி
19 ஜனவரி 2025

அன்புள்ள செல்விக்கு,

பிள்ளையாருக்கு என் பங்குக்கு ஒரு தேங்காய் உடைத்து, கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளச் சொல். பொங்கல் அன்று சோற்றில் வெல்லத்தைப் போட்டுக் கிளறினேன், அடிப்பிடித்துப்போயிற்று. அந்த மணமும் நன்றாகத்தான் இருந்தது.

ஒரு சங்கடம். மைதானத்தின் வடகிழக்கு மூலையில் தண்ணீர் வடிவதே இல்லை. கொடிக்கம்பம் நடுகிற அந்த மூலையிலிருந்து பத்தடி, பன்னிரண்டடி அகலத்துக்கு எப்போதும் சேறு. இரும்புக் கவையால் ஆயிரக்கணக்கில் துளை போட்டேன். லாரி லாரியாக ஆற்று மணல் இறக்கினேன். மேலே பார்க்கப் பச்சையாக இருக்கிறது, மிதித்தால் கணுக்கால் வரை உள்ளே போகிறது. ஆட்டத்தன்று காலையில் நடுவர் வந்து பந்தைத் தோளுயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பார். அந்த மூலையில் பந்து எழும்பாது, வைத்த மாவு உருண்டை மாதிரி அப்படியே உட்காரும். அவ்வளவுதான், ஆட்டம் ஒத்திவைப்பு. இதுவரை மூன்று ஆட்டம் போய்விட்டது.

லீகிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. இன்னும் ஒரு ஆட்டம் தண்ணீரால் நின்றால், மிச்சமுள்ள உள்ளூர் ஆட்டங்களையெல்லாம் முப்பது மைல் தள்ளி வேறு ஊரில் ஆட வேண்டுமாம். நம் ஆட்கள் நம் மைதானத்தில்தான் தாக்குப்பிடிப்பார்கள். வெளியூரில் ஆடச் சொன்னால் கதை முடிந்தது.

நேற்று அணியின் மேனேஜர் டென்னிஸ் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார், "உங்க ஊர்ல இந்த மாதிரி எடத்துலதான நெல்லு நடுவாங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்தேன். அவர் கெட்டவர் இல்லை, அவருக்கும் வேலை போகப் பயம். ஆனாலும் நெஞ்சில் தைத்துவிட்டது.

உன் கட்சிக்கு இது நல்ல செய்திதான், சந்தோஷப்பட்டுக்கொள். ஆனாலும் நாங்கள் இறங்க மாட்டோம்.

கமலக்கண்ணன்


முதலியார்பேட்டை
2 பிப்ரவரி 2025

கவிநிலாவின் அப்பாவுக்கு,

நெல் நடுகிற ஊரா? சொன்னாரா அந்த டென்னிஸ்? நெல் நடுகிறவனுக்குத்தான் எந்த வயலில் தண்ணீர் நிற்கும், எதில் வடியும் என்று தெரியும். அதை அவரிடம் சொல்லிவிட்டு வந்திருக்க வேண்டாமா? நீங்களும் சேர்ந்து சிரித்தீர்களாம்!

மேலேயிருந்து மணலைக் கொட்டிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும்? அந்த இடத்துக்கு மூலப் பத்திரம் பார்த்தீர்களா? யாராவது ஒருவர் பார்த்தார்களா?

நம் வீட்டுக் கதையைக் கேளுங்கள். புயலுக்குப் பிறகு எனக்கு ஒரே யோசனை. தெருவில் இருபது வீடு, தண்ணீர் ஏறியது நம் வீட்டிலும் வலப்பக்கம் இரண்டு வீட்டிலும் மட்டும். அதுவும் பின்பக்கமாக. மாலாவின் வீட்டுப் படி நம் படியைவிடத் தாழ்வு, அவளுக்கு ஒரு சொட்டு இல்லை. பெட்டியிலிருந்து வீட்டின் மூலப் பத்திரத்தை எடுத்தேன். 1931, பிரெஞ்சுக் காலத்துப் பத்திர அதிகாரியான நொத்தேரின் கையெழுத்து, முழுக்கப் பிரெஞ்சு. நான்கெல்லையைப் படித்தேன். மேற்கே தெரு, வடக்கே இன்னார் மனை, தெற்கே இன்னார் மனை, கிழக்கே "மில்லின் கழிவுநீர்க் கால்வாய்." இப்போது அங்கே கால்வாய் எங்கே இருக்கிறது? சிமென்ட் சந்துதான் இருக்கிறது. மில் மூடிய பிறகு மேலே மண்ணைப் போட்டு மூடிவிட்டார்கள். பத்திரத்தின் நகலை வைத்து நகராட்சியில் மனு கொடுத்தேன், நான்கு முறை நேரில் போனேன். போன வாரம் தோண்டினார்கள். ஐந்தடி ஆழத்தில் செங்கல் கால்வாய், கட்டியது கட்டினபடியே இருக்கிறது. உள்ளே அடைத்துக்கொண்டிருந்த குப்பையை மட்டும் இரண்டு வண்டி அள்ளினார்கள்.

தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. நாம்தான் அதன் மேல் வீடு கட்டுகிறோம், மைதானம் கட்டுகிறோம். உங்கள் மைதானத்துக்குப் பக்கத்தில் பழைய மில் கட்டடம் ஒன்று இருக்கிறது என்று முன்னே ஒருமுறை போட்டோ அனுப்பினீர்கள். புகைபோக்கி உயரமாகத் தெரியும். மில் இருந்தால் கழிவுநீர் எங்கேயோ போயிருக்க வேண்டும். கிளப் அந்த நிலத்தை யாரிடம் வாங்கியது, எப்போது வாங்கியது, எல்லையில் என்ன எழுதியிருக்கிறது என்று அந்த ஜூன் மேடத்தைத் தேடச் சொல்லுங்கள். இரும்புப் பெட்டியில் இருக்கும். எந்த ஊரானாலும் மூலப் பத்திரத்தை இரும்புப் பெட்டியில்தான் வைப்பார்கள்.

ஈசானிய மூலையில் தண்ணீர் நிற்பது வீட்டுக்கு விசேஷம் என்று அஞ்சலாட்சி சொல்கிறாள். மைதானத்துக்குப் பொருந்தாது போலிருக்கிறது.

செல்வி


ஆல்டர்பி
4 மார்ச் 2025

என் செல்விக்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

உன் கடிதத்தை ஜூன் மேடத்துக்கு வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் எழுந்து போய் இரும்புப் பெட்டியைத் திறந்தார். நீ சொன்னபடியே இரும்புப் பெட்டி! 1908-ஆம் வருடப் பத்திரம், துணியில் ஒட்டிய வரைபடத்தோடு. வடகிழக்கு மூலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நீலத்தில் இரட்டைக் கோடு. பக்கத்தில் பொடி எழுத்தில், மில்லின் சாயத் தண்ணீர் போகும் வழி என்று எழுதியிருக்கிறது. இந்தக் கிளப்பில் நூறு வருடமாக ஒருவரும் அந்தப் பெட்டியில் இதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

மறுநாளே எல்லைக்கோட்டுக்கு வெளியே தோண்டினோம். நல்ல மழை. டென்னிஸும் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கினார். ஆறடியில் செங்கல் வளைவு. வாயில் களிமண்ணும் வேரும் ஒரு பழைய பூட்ஸும் அடைத்திருந்தன. கடப்பாரையால் குத்தினேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் உள்ளேயிருந்து பெருமூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது பார், உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஒரு மணி நேரத்தில் மூலையில் நின்ற தண்ணீர் முழுவதும் போய்விட்டது. டென்னிஸ் சேற்றுக் கையோடு என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு நான் சொன்னது தப்பு" என்றார்.

அதற்குப் பிறகு இங்கே நான்கு ஆட்டம். மூன்று வெற்றி, ஒரு டிரா. போன சனிக்கிழமைக்கு முன்னால் இரண்டு நாள் விடாத மழை. நடுவர் அந்த மூலையில் பந்தைப் போட்டார். அவர் முழங்கால் வரை எழும்பியது. அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். இப்போது இருபதாவது இடத்தில் இருக்கிறோம்.

அந்தக் குழிக்கு மேலே மூடி போட்டு, ஜூன் மேடம் வெள்ளைப் பெயின்ட்டில் எழுதி வைத்திருக்கிறார்: "செல்வியின் வடிகால்." ஆங்கிலத்தில்தான். விளையாடுகிறவர்கள் உள்ளே போகும்போது அதைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போகிறார்கள். உன் பெயர் இந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

பெருமையாக இருக்கிறது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உன்,
கண்ணன்


முதலியார்பேட்டை
16 மார்ச் 2025

கவிநிலாவின் அப்பாவுக்கு,

நான் என்ன காரியம் செய்துவிட்டேன்!

உங்கள் கடிதத்தைப் படித்தபோது முதலில் சிரித்தேன். அலுவலகத்தில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். "செல்வியின் வடிகால்" என்ற இடத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்தே போயிற்று. அஞ்சலாட்சிதான் கேட்டாள், "ஏங்க்கா, அவுங்க தோத்தாத்தான மச்சான் வருவாரு? நீயே எதுக்கு அடப்ப எடுத்து வுட்ட?" எனக்குச் சுருக்கென்றது. நெல் நடுகிற ஊர் என்று ஒரு ஆள் உங்களைச் சொல்லிவிட்டான் என்ற கோபத்தில், என் கற்பூரத்தை நானே ஊதி அணைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து டிசம்பர் இருபதாம் தேதிக் கடிதத்தை உறையிலிருந்து எடுத்து மறுபடி படித்தேன். "கீழே இறங்கினால் வந்துவிடுகிறேன்." சரி. இறங்காவிட்டால்? அந்த வரியே இல்லை. ஒரு கட்சிக்காரருக்கு இப்படி ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் என் பலகையைக் கழற்றித் தெருவில் வீசியிருப்பார்கள். என் விஷயம் என்றதும் கண் மறைத்துவிட்டது. இறங்கினால் என்று படித்ததுமே வந்துவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

உங்கள் மகள் வேறு. உங்கள் கிளப்பின் பச்சை வெள்ளை நிறத்தில் காகிதக் கொடி ஒட்டி ஜன்னலில் கட்டியிருக்கிறாள். உங்களோடு பேசிப் பேசி அணியில் இருக்கிற பதினோரு பேர் பெயரும் அவளுக்கு மனப்பாடம். வாய்ப்பாடு கேட்டால் ஏழாம் வாய்ப்பாட்டில் நிற்கிறாள்.

இன்னொரு செய்தி. செய்தியாக மட்டும் எழுதுகிறேன். அரியாங்குப்பத்தில் புதிதாக ஒரு கால்பந்துக் கழகம் தொடங்கியிருக்கிறார்கள். அதன் தலைவர் முருகையன் என்பவர் மைதானத்துக்குக் குத்தகைப் பத்திரம் எழுத வந்தார். ஆற்றுப் பக்கமாக நான்கு ஏக்கர், இருபது வருடக் குத்தகை. "எடம் கெடைச்சிடுச்சிம்மா, புல்லு போட்டு வளக்கத் தெரிஞ்ச ஆளுதான் கெடைக்கல, மழ பேஞ்சா குளமாயிடுது" என்றார். பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்தேன்.

செல்வி


ஆல்டர்பி
6 ஏப்ரல் 2025

அன்புள்ள செல்விக்கு,

நீ கவலைப்பட வேண்டாம், உன் பிள்ளையார் மறுபடி முழித்துக்கொண்டார். வரிசையாக நான்கு ஆட்டம் தோற்றோம், மூன்று வெளியூரில், ஒன்று இங்கேயே. கோல் போடுகிற பையனுக்கு முழங்கால் திருகிவிட்டது. இருபத்துமூன்றாவது இடம். லீகை விட்டு வெளியேறுகிற கோட்டுக்குக் கீழே.

டென்னிஸ் தூங்குவதில்லை என்று முகத்திலேயே தெரிகிறது. மே மூன்றாம் தேதி கடைசி ஆட்டம் இங்கே, நம் மைதானத்தில். அதுவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டால் போதும், நம் தரையில் நாம் ஜெயிப்போம். நான் இதைச் சும்மா சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் இந்தத் தரை இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. காலையில் வெறுங்காலோடு ஒரு சுற்று நடந்து பார்க்கிறேன், ஆட்கள் வருவதற்கு முன்னால்.

அந்த வரி விட்டுப்போனதைப் பற்றி எழுதியிருந்தாய். நான் வேண்டுமென்று விடவில்லை. நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது, அதனால் எழுதவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அரியாங்குப்பத்து இடம் என்ன மண்? களியா, மணலா? இரண்டடி தோண்டினால் தண்ணீர் வருகிறதா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

நீ இப்போது யார் பக்கம்?

கண்ணன்


முதலியார்பேட்டை
4 மே 2025

அன்புள்ள கண்ணனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை காலை. கவிநிலா இன்னும் எழுந்திருக்கவில்லை. நேற்று ஆடிய ஆட்டத்துக்கு இன்றைக்கு எழுந்தால் ஆச்சரியம்.

நேற்று முழு ஆட்டத்தையும் பார்த்தேன். கிளப் இணையதளத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குக் காட்டுகிறார்கள் என்று குழந்தைதான் சொன்னாள். லேப்டாப்பை அரிசி டப்பா மேல் வைத்து, இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். ஜெயித்தால் மட்டும்தான் நிற்பீர்கள், டிரா என்றாலும் வெளியே. எனக்கு வேண்டியது டிரா. வெறும் டிரா போதும். தொண்ணூறு நிமிடம் யாரும் கோல் போடாமல் இருந்தால் நீங்கள் வீட்டுக்கு வந்துவிடுவீர்கள்.

அங்கே காலையிலிருந்தே மழை என்றார் வர்ணனை செய்தவர். மைதானத்தைப் பற்றி இரண்டு முறை பேசினார். ஜனவரியில் இது மாடு குளிக்கிற குட்டையாக இருந்தது, இப்போது பாருங்கள் என்றார். நீங்கள் ஒருமுறை திரையில் வந்தீர்கள். இடைவேளையில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில், குனிந்து பெயர்ந்த புல்லை மிதித்துக்கொண்டிருந்தீர்கள். போன ஜூனில் வந்தபோது கறுப்பாக இருந்த தலை, இருபக்கமும் நரைத்துவிட்டது. வீடியோவில் நீங்கள் எப்போதும் தொப்பி போட்டிருப்பதால் எனக்குத் தெரியவில்லை.

எண்பத்துநான்காவது நிமிடம் வரை ஒன்றுமில்லை. அப்புறம் உங்களுக்குக் கார்னர். எந்த மூலை என்று சொல்லவும் வேண்டுமா? அடிக்கிறவன் அந்த மூடியைக் காலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பந்தை வைத்தான். வழுக்காமல் நேராக நின்று அடித்தான். உயரமான ஆள் ஒருவன் தலையால் முட்டினான். வலை ஆடியது.

நான் கத்திவிட்டேன். எழுந்து நின்று, இரண்டு கையையும் தூக்கி, "கோல்!" என்று தெருவே அதிரக் கத்திவிட்டேன். கவிநிலா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதிக்கிறாள். மாலா அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்து, "இன்னாக்கா ஆச்சி? திருடனா?" என்கிறாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது, எதற்குக் கத்தினேன் என்று. உட்கார்ந்து அழுதேன். குழந்தை பயந்துபோய், "ஜெயிச்சிட்டோம்மா, ஏம்மா அழுவுற?" என்று கேட்டது. சந்தோஷத்தில் என்று சொன்னேன். பாதி உண்மை.

மிச்ச நேரத்தில் வேறு கோல் விழவில்லை, கிளப் தப்பித்தது. யார் பக்கம் என்று கேட்டீர்கள். இதுதான் பதில்.

ஆகவே எழுதுகிறேன், இதையும் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கேயே இருங்கள். தலை நரைக்க உழைத்து ஒரு தரையை நிறுத்தியிருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு வா என்று இனி நான் கேட்க மாட்டேன். ஜூன் மாதம் எப்போதும் போல மூன்று வாரம் வாருங்கள். நான் போனிலும் பேசுகிறேன். இப்படி எழுதுவது எனக்குச் சுலபமாக இல்லை, ஆனால் மனதார எழுதுகிறேன்.

ராத்திரி ஆட்டம் முடிந்து நீங்கள் கூப்பிட்டபோது, "அம்மாவுக்கு லெட்டர் வந்துச்சா?" என்று கவிநிலாவிடம் கேட்டீர்களாம். எந்த லெட்டர்? ஏப்ரல் ஆறாம் தேதிக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. அரியாங்குப்பத்தில் மேலே மணல், கீழே களி.

உங்கள்,
செல்வி


ஆல்டர்பி
24 ஏப்ரல் 2025

என் செல்விக்கு,

இன்று வியாழக்கிழமை. இன்னும் இரண்டு ஆட்டம் மிச்சம் இருக்கிறது, நாளை மறுநாள் வெளியூரில் ஒன்று, அடுத்த வாரம் கடைசி ஆட்டம் இங்கே. ஜெயிப்போமா இறங்குவோமா என்று எனக்குத் தெரியாது. தெரிவதற்கு முன்னால் இதை எழுதிவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன்.

காலையில் ஜூன் மேடத்திடம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டேன். மே முப்பத்தொன்றோடு முடிகிறது. ஜூன் முதல் வாரம் வந்துவிடுவேன். மூன்று வாரத்துக்கு இல்லை.

அவர், "அணி எறங்கிடும்னு பயமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். இறங்கிய பிறகு வந்தால் நான் வேலை போய் வந்தவன். உன்னிடம் வந்தவன் ஆக மாட்டேன். நீயும் ஒன்றும் சொல்ல மாட்டாய், ஆனால் நம் இரண்டு பேருக்கும் அது தெரிந்திருக்கும். எனக்கு அப்படி வர வேண்டாம். விட்டுப்போன வரியை இப்போது எழுதுகிறேன்: இறங்காவிட்டாலும் வருகிறேன். ஜெயித்தாலும் வருகிறேன்.

இன்னொன்று. டிசம்பரில் நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். நான் பொய் சொன்னேன். போன் கோட்டுப் பையில் இருந்தது உண்மை. கோட்டு என் உடம்பில் இருந்தது. முதல் முறை அடித்தபோதே எடுத்துப் பார்த்தேன். உன் பெயர். இந்த மூலையை இறைத்துவிட்டுப் பேசலாம் என்று திரும்ப உள்ளே வைத்தேன். இரண்டாவது முறையும் பார்த்தேன். அப்புறம் பார்க்கவில்லை, ஆனால் மார்பில் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. பதினான்கு முறையும் எனக்குத் தெரியும், செல்வி. கால்வாயைத் திறந்து தண்ணீர் ஓடிய அன்று எல்லாரும் கைதட்டினார்கள். எனக்கு அது மட்டும்தான் ஞாபகம் வந்தது. நீ எனக்கு வழி சொன்னாய், நான் உன் போனை எடுக்கவில்லை.

முருகையனிடம் சொல், ஆள் கிடைத்துவிட்டது என்று. களி என்றால் முதலில் வடிகால், பிறகுதான் புல். மூலப் பத்திரத்தை நீ ஒருமுறை பார்த்து வை.

போனில் சொன்னால் செல்லாது என்பதால் கவிநிலாவிடம்கூட இதைச் சொல்லவில்லை. உறையில் தபால் முத்திரையைப் பார். கடைசி ஆட்டத்துக்கு ஒன்பது நாள் முன்னால் எழுதியது இது. அந்த முத்திரைதான் சாட்சி.

உன்,
கண்ணன்


முதலியார்பேட்டை
6 மே 2025

அன்புள்ள கண்ணனுக்கு,

உங்கள் ஏப்ரல் இருபத்துநான்காம் தேதிக் கடிதம் இன்று பதினொரு மணிக்கு வந்தது. முத்திரையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தேதி தெளிவாக இருக்கிறது. செல்லும்.

நீங்கள் போனைப் பார்த்தது உங்கள் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கொட்டும் மழையில் கோட்டைக் கழற்றிக் கொட்டகையில் வைத்துவிட்டு வேலை செய்கிறவர் யார்? உங்கள் கையால் எழுதி வர வேண்டும் என்றுதான் இத்தனை நாள் காத்திருந்தேன். வந்துவிட்டது. அது முடிந்தது.

நான் நான்காம் தேதி எழுதிய கடிதம் ஒன்று இப்போது வழியில் இருக்கிறது. அதில் உங்களை அங்கேயே இருக்கச் சொல்லி, மிகவும் பெருந்தன்மையாக எழுதியிருக்கிறேன். அந்தக் கடிதம் இதன் மூலம் முழுமையாக ரத்து செய்யப்படுகிறது. பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவரவும். கோல் போட்டபோது நான் கத்திய பக்கத்தை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

முருகையன் நாளைக்கு வருகிறார். வேலை ஒப்பந்தத்தை நானே எழுதுகிறேன், இந்த முறை ஒரு வரியும் விடாமல்.

கவிநிலாவுக்குப் பச்சை வெள்ளைச் சட்டை ஒன்று வாங்கி வாருங்கள், எட்டு வயது அளவு. எனக்கும் ஒன்று.

செல்வி